வந்து போகிறவனின் லைசென்ஸ்

1

இன்று ஆயுத பூஜை. தோட்டத்தில் டிரைவருக்கென்று ஒதுக்கிய இந்தச் சிறிய வீட்டின் முன்னறையில், ஒரு பலகையின்மேல் ஜாக்கி, மூன்று ஸ்பேனர்கள், காற்றடிக்கும் பம்பு, மகள் கமலத்தின் சிலேட்டு, மனைவி சிவகாமியின் அரிவாள்மனை, ஒரு பெரிய பழைய சாவி, கடைசியாக என் மோட்டார் லைசென்ஸ் ஆகியவை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு உண்டு. லைசென்ஸுக்கு மட்டும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்து நிறுத்திக்கொண்டாள் சிவகாமி. பொட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற வருஷம் இதே பண்டிகையில் நாங்கள் படித்துக்கொண்டோம்.

அந்தச் சாவி எங்கள் ஊர் வீட்டின் தெற்கு அறையினுடையது. பன்னிரண்டு வருஷமாக இந்த மலாய் நாட்டில் எந்தப் பூட்டையும் திறக்காமல் வெறுமனே தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறது. இரும்பு என்ற ஒரே தகுதியில் வருஷம் ஒரு முறை பூஜையும் பெற்றுக்கொள்கிறது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு லைசென்ஸ் என்றால் பெரிய விஷயமாகத் தோன்றாது. மாட்டு வண்டிக்கு யார் தாள் கேட்கிறார்கள்? இங்கே அப்படியில்லை. இங்கே மனிதன் இல்லாமல் தாள் இருக்கலாம், தாள் இல்லாமல் மனிதன் இருக்கக் கூடாது.

2

போன வாரம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் மகனுக்குத் தையில் கலியாணம். வீட்டில் இருப்பது மூன்று அறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும். ஒன்றில் பெண் பிள்ளைகள். மூன்றாவது என்னுடையது, பூட்டிக் கிடக்கிறது. "நீ தையில் வருவதாக இருந்தால் உன் அறையை நான் தொடப்போவதில்லை. பையனுக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்துவிடுகிறேன். வருகிறாயா இல்லையா என்று ஒரே ஒரு வரி எழுது" என்று கேட்டிருந்தார்.

ஒரு வரிதான். பன்னிரண்டு வருஷமாக நான் அந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். "வருகிற தையில் கட்டாயம் வருகிறேன்." தை மாதங்களும் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தன. என் பேரில் அண்ணனுக்குக் கோபம் கிடையாது, அதுதான் எனக்குத் தொல்லை. நம்பி அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார். புதுப் பெண்ணைக் கொட்டகையில் படுக்க வைக்கிற அளவுக்கு நம்புகிறார்.

பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் லைசென்ஸ் கதையைச் சொல்லாமல் அந்த ஒரு வரி வராது போலிருக்கிறது.

நான் முதலில் இறங்கியது சிங்கப்பூரில். ஒரு மோட்டார் கொட்டகையில் வண்டி கழுவி, பிறகு வண்டி நகர்த்தி, பிறகு ஓட்டி, லைசென்ஸ் வாங்கினேன். அப்போது நான் படுத்தது நாகூர்ப் பக்கத்துக் காதர் பாயின் சாப்பாட்டுக் கடை மாடியில். லைசென்ஸிலும் அந்த விலாசமே ஏறியது. சில மாதங்களில் கடலின்மேல் போட்ட பாதையைத் தாண்டி ஜொகூருக்கு வந்து, செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரைக்கு டிரைவராகச் சேர்ந்தேன். சிவகாமியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அடுத்த வருஷம் கமலம் பிறந்தாள். லைசென்ஸ் மட்டும் சிங்கப்பூரிலேயே குடியிருந்தது. வருஷா வருஷம் போய், காதர் பாய் கடையில் பிரியாணி தின்றுவிட்டு, அதே விலாசத்தில் புதுப்பித்துக்கொண்டு வருவேன்.

ஜொகூர் வேறு ராஜ்யம். பாதையைத் தாண்டும்போது அது தெரியாது. அந்தப் பக்கம் பெய்கிற மழைதான் இந்தப் பக்கமும் பெய்கிறது. ஆனால் இங்கே சுல்தானின் சட்டம், சுல்தானின் தாள். தாளில் மலாய் மொழி அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக ஓடும். இங்கே குடியிருப்பவன் இங்கத்து லைசென்ஸ்தான் வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் பெரிய கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், ஆரம்பத்திலேயே எச்சரித்தார். "போகப் போறவனுக்கு எதுக்குங்க இன்னொரு லைசென்சு?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அவரும் போகப் போகிறவர்தான்.

3

கமலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனார். எங்களில் சொன்ன சொல்லைக் காப்பாற்றி நிஜமாகவே ஊருக்குத் திரும்பிய ஒரே ஆள் அவர்தான். மறுபடி வரவேயில்லை. அதனால் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்தில், இருந்த மலாய்ப் பள்ளிக்கூடத்தில் கமலத்தைச் சேர்த்தோம். கொஞ்ச நாளைக்குத்தானே என்றுதான்.

இப்போது அவள் சிலேட்டில் வலது பக்கத்திலிருந்து எழுதுகிறாள். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் "ம"வுக்கும் "ல"வுக்கும் நடுவில் நின்று யோசிக்கிறாள். சமையலறைக்குள் வரும் கோழியை மலாயில் திட்டுகிறாள், கோழியும் அந்தப் பாஷைக்குத்தான் கட்டுப்படுகிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஊரைப் பற்றிப் பேசும்போது அவள் "உங்க ஊரு" என்கிறாள். உங்க ஊர்ல யானை இருக்கா, உங்க ஊர்ல மழை பெய்யுமா? "நம்ம ஊரு" என்று திருத்துவேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் "உங்க ஊர்ல" என்றுதான் ஆரம்பிப்பாள்.

சென்ற வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்கு ஓய்வு கொடுக்கத் துரையிடம் முன்கூட்டியே உத்தரவு வாங்கியிருந்தேன். அவர் இரண்டு நாள் சிங்கப்பூர் போயிருந்தார். வண்டியைக் கழுவித் துடைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பார்க்கிற இடமெல்லாம் சந்தனம் குழைத்துப் பூசினேன். பின்பக்கம் நம்பர் எழுதிய பலகை மட்டும் மூளியாக இருந்தது. அதற்கும் தாராளமாகப் பூசி மூன்று பொட்டு வைத்தேன். லைசென்ஸை ஸ்பேனர்களோடு பலகையில் வைத்து, சிவகாமி தன் பங்குக்கு அதன் நடுவில் ஒரு பெரிய சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தாள்.

படையல் போட்டுக் கற்பூரம் காட்டிய கையோடு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. துரைக்கு வயிறு கெட்டுவிட்டதாம், அன்று மத்தியானமே ஜொகூர் பாரு ரயிலடியில் இறங்குகிறார், வண்டி கொண்டுபோக வேண்டும் என்று தந்தி. பூஜை போட்ட வண்டியை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது என்பது நம் சட்டம். துரைக்கு அது தெரியும், ஆனால் அவர் வயிற்றுக்குத் தெரியாது. அங்கே வெயிலில் நிற்க அவரால் முடியாது.

நான் லைசென்ஸை எடுக்கப் போனேன். சிவகாமி குறுக்கே வந்து நின்றாள்.

"வண்டி தொரையோடது. அவரு எடுக்கச் சொன்னா எடுத்துக்கங்க, பாவம் அவருக்கு. லைசென்சு நம்மளோடது. படையல்ல வச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

பாரிஸ்டருக்குப் படித்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாக வழக்கைப் பிரித்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். மடியில் லைசென்ஸ் இல்லாமல் கிளம்பினேன். ரயில் பார்க்க வேண்டும் என்று கமலமும் பின் ஸீட்டில் ஏறிக்கொண்டாள்.

4

வழியில் தம்போய் என்ற ஊரைத் தாண்டும் வளைவில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றிருந்தார். நடு வயது மலாய்க்காரர், இஸ்திரி போட்ட காக்கி. எங்கள் வண்டியை ஆவலோடு பார்த்தார். அலங்காரத்தை ரசிக்கிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக் காட்டினேன். வண்டி அவரைக் கடந்ததும் பின்பக்கத்தையும் பார்த்திருக்கிறார். விசில் சத்தம் கேட்டது.

"தம்பி" என்று கூப்பிட்டார். இங்கே எந்த வயதுத் தமிழனும் மலாய்க்காரருக்குத் தம்பிதான். இந்த வண்டிக்கு நம்பர் உண்டா என்று கேட்டார். உண்டு, சந்தனத்துக்கு அடியில் இருக்கிறது என்றேன். அவர் விரலால் ஓர் ஓரம் சுரண்டிப் பார்த்து, விரலை முகர்ந்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார். லைசென்ஸ் எங்கே?

என் மலாய் சந்தையில் மீன் வாங்கப் போதும். ஆயுத பூஜையை விளக்கப் போதாது. தடுமாறினேன். பின் ஸீட்டிலிருந்து கமலம் எழுந்து நின்று, என்னைவிட நல்ல மலாயில், லைசென்ஸ் வீட்டில் சாமி முன்னால் வழிபாட்டில் இருக்கிறது, நாளைக் காலையில் முடிந்துவிடும் என்று சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. வழிபாடு நடக்கும்போது யாரையும் எழுப்பக் கூடாது என்று தெரிந்தவர் போலிருக்கிறது. அப்படியானால் முடிந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு வா என்றார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்த ஊர் லைசென்ஸ் என்று கேட்டார். சிங்கப்பூர் என்றேன். நீ இருப்பது எங்கே என்றார். இதற்கு எனக்குப் பதில் தயாராக இருந்தது. பதினொரு வருஷமாகப் பழகிய பதில். "சிங்கா சாஜா" என்றேன். சும்மா வந்து போகிறவன்.

அவர் வாழைக்கன்றைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு கமலத்தைப் பார்த்து, நீ எங்கேம்மா இருக்கிறாய் என்று அன்பாகக் கேட்டார். ஒரு காக்கிச் சட்டைக்காரர் தன்னை மதித்துக் கேட்டுவிட்ட பெருமையில் கமலம் கடகடவென்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். செனாய், இன்ன தோட்டம், அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் எப்போதும் இருக்கிறோம், அப்பா துரைக்கு டிரைவர், எங்கள் வீட்டில் ஆறு கோழி. கோழியையும் சேர்த்து அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ரயிலடியில் துரை முக்கால் மணி நேரம் நின்றிருந்தார். முகம் சந்தனத்துக்கு மேல் வைத்த குங்குமம் மாதிரி இருந்தது. நடந்ததைச் சொன்னேன். தோட்டத்து வண்டியைப் போலீஸ் வழக்கில் இழுக்கிற டிரைவர் தனக்கு வேண்டாம், லைசென்ஸைச் சரிசெய்துகொண்டு வா, இல்லையென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிடு என்றார். செனாய் வரை கமலம் தான் பார்த்த எஞ்சினைப் பற்றித் தனக்குத்தானே மலாயில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

5

மறுநாள் காலை மறு பூஜை முடித்து, லைசென்ஸைக் கையில் எடுத்தேன். சந்தனம் காய்ந்து தாளோடு ஒட்டிப் போயிருந்தது. சுரண்டினால் எழுத்தும் கூடவே வந்தது. என் பெயர் தப்பித்தது, நம்பர் தப்பித்தது. காதர் பாய் கடை விலாசம் இருந்த இரண்டு வரி மட்டும் அடியோடு போய்விட்டது. சிவகாமி குறி பார்த்து வைத்ததுபோல் வைத்திருந்தாள்.

மலாய் பேசக் கமலத்தையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு மலாய் அதிகாரி இருந்தார். பேனா முனையால் லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தார். கெட்டவரில்லை. என்னைத் தப்பவிடத்தான் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. மெதுவாக, எனக்கும் புரிகிற மலாயில் சொன்னார். வந்து போகிறவன் என்றால் வேற்று ராஜ்யத்து லைசென்ஸ் செல்லும், வழக்கு இல்லை, இப்போதே வீட்டுக்குப் போகலாம். குடியிருப்பவன் என்றால் குற்றம். அபராதம் உண்டு, இங்கத்துப் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. விலாசம் அழிந்துவிட்டதால் நீ எது என்று இந்தத் தாள் சொல்லவில்லை, நீயே எழுதிக் கையெழுத்துப் போடு என்று ஒரு படிவத்தை நகர்த்தினார்.

நான் எதை எழுதுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்து போகிறவன் என்று எழுதினால் பிழைத்தேன். இரண்டு நாளில் லைசென்ஸைச் சரிசெய்ய வேறு வழி தேடிக்கொள்ளலாம், வேலையும் தங்கும். போலீஸ்காரர் நோட்டில் கமலம் சொன்னது இருந்தது. அது குழந்தைப் பேச்சு என்று அதிகாரியே சொல்லிவிட்டார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கமலத்தைப் படிக்கச் சொன்னேன். படிவம் அரபு எழுத்தில் இருந்தது.

பேரு, அப்பா பேரு, தொழில் எல்லாம் அவள் படிக்கப் படிக்க நான் சொன்னதை அவளே நிரப்பினாள். பிறகு நிறுத்தினாள்.

"அப்பா, நீங்க என்னைக்கித் திரும்பிப் போவீங்கன்னு கேட்டிருக்கு."

"தை மாசம்னு போடு."

"அதுக்குக் கீழ, கூட யாரு யாரு போறாங்கன்னு இருக்கு. அம்மாவ எழுதட்டா?"

"எழுது. உன்னையும் எழுது."

அவள் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான் எங்கப்பா திரும்பிப் போறது? நான் இங்கதான இருக்கேன்."

அடம் இல்லை, அழுகை இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. போலீஸிடம் பொய் சொன்னதற்காக அல்ல. நான் எழுதச் சொன்னது பொய் என்று அந்த ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும், சிவகாமிக்கு என்றைக்கோ தெரியும். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்குத் "தையில் வருகிறேன்" என்று எழுதும்போதெல்லாம் மனசில் ஒரு கப்பல் நிற்கும். அந்தக் கப்பலில் கமலம் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

படிவத்தைத் திருப்பி அதிகாரி பக்கம் தள்ளினேன். என் சந்தை மலாயில், "சாயா திங்கால் சினி" என்றேன். நான் இங்கே குடியிருக்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். எனக்குப் பதிலாகக் கமலமே ஆமாம் என்றாள்.

6

அபராதம் கட்டினேன். ஏழு வாரம் ரப்பர் தகடுகளைப் புகையில் காய வைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். இருமிக்கொண்டே வீட்டுக்கு வரும் என்னைப் பார்த்துச் சிவகாமி, பொட்டு வைத்தவள் நான்தானே என்று இரண்டு முறை அழுதாள். மூன்றாவது முறை, விலாசத்தை ஒழுங்காக எழுதி வைக்காதவர் நீங்கள்தானே என்று சண்டைக்கு வந்தாள். அந்த ஏழு வாரமும் துரையின் வண்டியை ஓட்டியவன் இரண்டு முறை அதை வடிகாலில் இறக்கினான். என் பக்கம் அதைவிடப் பெரிய சிபாரிசு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பரீட்சையில் என்னைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார்கள். பதினொரு வருஷமாக நான் செய்துவந்த வேலை அதுதான் என்பதால் ஒரே தடவையில் தேறினேன். புது லைசென்ஸில் விலாசம் எழுதும் இடத்தில் "செனாய்" என்று எழுத்தர் அரபு எழுத்தில் எழுதினார். சரியாக எழுதியிருக்கிறாரா என்று கமலம் எட்டிப் பார்த்து உறுதி சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அண்ணனுக்கு நான் எழுதிய கடிதத்தில், வெட்கமில்லாமல், "வருகிற தையில் கட்டாயம் வருகிறேன்" என்றே எழுதினேன். சுல்தானின் அதிகாரிக்கு மலாயில் சொல்ல முடிந்தது. தமிழில் அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தை நம்பித்தான் அண்ணன் இப்போது கொட்டகைக்குக் கீற்று வாங்கப் போகிறார்.

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தப் பத்திரிகை முதலில் போவது அண்ணன் கைக்கு. படித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார். தனிக் கடிதத்தில் எழுத உட்கார்ந்தால் என் கை பழக்கத்தில் மறுபடி அதே வரியை எழுதிவிடும். நாலு பேர் பார்க்க எழுதினால் மாற்ற முடியாது.

அண்ணா, நான் இங்கே குடியிருக்கிறேன். தையில் வரமாட்டேன். என்றைக்காவது கப்பல் ஏறினாலும் வந்து போகிறவனாகத்தான் வருவேன். அப்போது எங்களைக் கூடத்தில் படுக்க வைத்தால் போதும், கமலத்துக்கு உங்கள் ஊரில் யானை உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டுமாம். தெற்கு அறையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு. வெள்ளையடித்துக் கொடு. சாவி என்னிடம் இருக்கிறது. இன்று அது படையலில் இருக்கிறது, நாளைக் காலை வரை எடுக்கக் கூடாது என்கிறாள் சிவகாமி. நாளைக்கு எடுத்துத் தபாலில் போடலாம்தான். ஆனால் நாளைக்கு என்று நான் சொன்னது எதையும் நம்பாதே. பூட்டை உடைத்துவிடு.